விழுந்தவன் பேர் என்ன?

(நண்பர்கள் நடத்திய திரைப்பட முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. ‘சினிமா பத்திக் கொஞ்சம் பேசறேன், அரை மணி நேரம் கொடுங்க’ன்னு நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். சினிமா பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. நான் வங்கியில் குமாஸ்தா. காலையில் பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க பணத்தை எண்ணுவது, பேரைச் சரிபார்ப்பது, கையெழுத்தை ஒப்பிடுவது. பேர் ஒரு எழுத்து தப்பாயிருந்தாலும் பணம் கிடையாது. பத்து வருஷம் இந்த வேலை பார்த்ததில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கதையைப் பார்த்தாலும், இதில் யாருடைய பேர் ஏறியிருக்கு, யாருடைய பேர் விட்டுப்போச்சு என்று தேடுவேன். அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவைக் ‘கண்டுபிடிக்க’ப் போன வெள்ளைக்காரர்களைப் பற்றி வந்த சில படங்களைப் பற்றிப் பேசுகிறேன்.

எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். எங்கள் காலனியில் ஒரே ஒரு வீட்டில்தான் கேபிள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டு வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருப்போம். அன்றைக்குத் தமிழ் பேசுகிற டார்ஜான் படம் ஒன்று. தொப்பியும் துப்பாக்கியுமாக வெள்ளைக்காரர்கள் முன்னால் போகிறார்கள். பின்னால் தலையில் பெட்டியோடு கறுப்பு மனிதர்கள் எறும்புச் சாரை மாதிரி மலை விளிம்பில் நடக்கிறார்கள். ஒருத்தன் கால் வழுக்கி, பெட்டியோடு பள்ளத்தில் விழுகிறான். ‘அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?’ என்று துரை கேட்கிறார். அவன் விழுந்த விதத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ‘டேய், வுழுந்தான் பாரு, அவன் பேரு இன்னாடா?’ என்றார். ‘பேரெல்லாம் சொல்லலப்பா’ என்றேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்: ‘அவன் வூட்டுக்கு யாருடா கூலி குடுப்பா?’

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படிக்கப் படிக்க, அப்பா கேட்ட இரண்டு கேள்வியையும் ஹாலிவுட் எப்போதும் கேட்பதில்லை என்பது மட்டும் புரிந்தது. ஏன் கேட்பதில்லை என்பதுதான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் ‘கண்டுபிடித்தார்’ என்கிற வார்த்தை. பள்ளிக்கூடத்தில் படித்தோமே, லிவிங்ஸ்டன் விக்டோரியா நீர்வீழ்ச்சியைக் கண்டுபிடித்தார் என்று. 1855. அந்த அருவிக்கு மோசி-ஓவா-துன்யா என்று பேர் இருந்தது. இடிமுழங்கும் புகை என்று அர்த்தம். பேர் வைத்தவர்கள் அங்கேயே வாழ்கிற மக்கள். லிவிங்ஸ்டனை அங்கே அழைத்துப் போனது கொலோலோ மக்களின் அரசர் செகெலெட்டு. அதோடு நிற்கவில்லை. லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவை மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்குக் கடந்த அந்தப் புகழ்பெற்ற பயணத்துக்கு ஆளும் தந்தமும் கொடுத்தவரும் இதே செகெலெட்டுதான். லுவாண்டா வரைக்கும் கூடப் போனது 27 பேர். எங்க பாஷையில் சொன்னால், கடன் கொடுத்தவன் ஆப்பிரிக்கன், வழி காட்டினவன் ஆப்பிரிக்கன், சுமந்தவன் ஆப்பிரிக்கன். லெட்ஜரில் பேர் மட்டும் லிவிங்ஸ்டன்.

‘இருண்ட கண்டம்’ என்று நாமும் தமிழில் கூச்சப்படாமல் எழுதுகிறோம். ஸ்டான்லி 1878-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தின் தலைப்பிலிருந்து ஊரெல்லாம் பரவின பேர் அது. அங்கே வாழ்ந்தவனுக்கு என்ன இருட்டு? அவனுக்கு ஊர் தெரியும், ஆறு தெரியும், சந்தை தெரியும். வந்தவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியாததற்கு நம்மைக் கறுப்பு என்றான்.

இப்போது படத்துக்கு வருகிறேன். 1939-ல் ‘ஸ்டான்லியும் லிவிங்ஸ்டனும்’ என்று ஒரு ஹாலிவுட் படம். இயக்கியவர் ஹென்றி கிங். ஸ்டான்லியாக ஸ்பென்சர் டிரேசி. காணாமல் போன லிவிங்ஸ்டனைத் தேடி ஒரு பத்திரிகைக்காரன் காட்டுக்குள் போவதும், 1871-ல் தாங்கனிக்கா ஏரிக்கரையில் உஜிஜியில் சந்திப்பதும் கதை. இந்தப் படம் எடுத்த விதத்தில் ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு குழு ஆப்பிரிக்காவுக்குப் போய், டூப் ஆட்களை வைத்து நிலப்பரப்பையும் ஜனங்களையும் எடுத்துவந்தது. டிரேசி போகவில்லை. ஸ்டுடியோவில் நின்று நடித்தார். அவருக்குப் பின்னால் திரையில் ஆப்பிரிக்கா ஓடியது. தோழர்களே, இந்த வகைப் படங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிச் சொல்ல வேண்டியதை அந்த ஏற்பாடே சொல்லிவிடுகிறது. முன்னால் மனுஷன், பின்னால் சீன். ஒரு கண்டத்தின் ஜனங்களே சீன்.

அந்தப் படத்தில் லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்கர்களுக்குக் கிறிஸ்தவப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். மனம் மாறிய ஸ்டான்லி, பெரியவர் விட்டுப்போன பணியைத் தொடர ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறார். படம் முடிந்துவிடுகிறது. நாம் கைதட்டுகிறோம்.

திரும்பிப் போன ஸ்டான்லி நிஜத்தில் என்ன செய்தார்? 1874-லிருந்து 1877 வரை கண்டத்தைக் குறுக்கே கடந்தார். கூடப் போன மூன்று வெள்ளைக்காரர்களும் இறந்தார்கள். கிளம்பிய ஆப்பிரிக்கர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மேற்குக் கரை வந்து சேர்ந்தார்கள். 1879-லிருந்து 1884 வரை பெல்ஜியம் அரசன் லியோபோல்டிடம் சம்பளத்துக்கு வேலை. காங்கோ ஆற்றங்கரை நெடுகப் பாதை போட்டு, நிலையம் கட்டி, ஊர்த் தலைவர்களிடம் நூற்றுக்கணக்கில் ஒப்பந்தங்கள் வாங்கப்பட்டன. அவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதின காகிதம். கைநாட்டு வைக்கும்போது கீழே என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல் வைக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், அதனால் இந்த இடம் எனக்கு நன்றாகப் புரியும். 1885-ல் காங்கோ லியோபோல்டின் சொந்தச் சொத்து மாதிரி ஆனது. 1908 வரை ரப்பருக்காக நடந்த கொடுமை, வெட்டப்பட்ட கைகள், எல்லாம் உலகம் அறிந்தது. 1904-ல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கு. ந்சாலா என்கிற தகப்பன் தன் ஐந்து வயது மகளின் துண்டிக்கப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஹாலிவுட் படம் வந்தது 1939-ல். அந்தப் புகைப்படம் எடுத்து 35 வருஷம் கழித்து. தெரியாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. படத்தை எந்த இடத்தில் முடிக்கிறான் என்பதே ஒரு அரசியல்.

சரி, சுமந்தவர்கள் யார்? ஆளுக்குச் சுமார் 30 கிலோ. பெரும்பாலும் துணி, பாசிமணி, பித்தளைக் கம்பி. வழிநெடுக அதுதான் பணம். அமெரிக்கத் துணிக்கு மெரிகானி என்று பேர். கானிகி என்கிற நீலத் துணி இந்தியாவிலிருந்து போனது. ஆக, அவர்கள் தலையில் நடந்துபோனது ஒரு கஜானா. நியாம்வேசி மக்கள் பலருக்கு அது தலைமுறைத் தொழில். பாதை தெரிந்தவர்கள், கூலி பேசத் தெரிந்தவர்கள், கூலி சரியில்லை என்றால் மூட்டையை இறக்கிவிட்டுப் போகவும் தெரிந்தவர்கள். படத்தில் இவர்கள் எப்படி வருகிறார்கள்? பறைச் சத்தம் கேட்டால் நடுங்கி, சுமையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்களாக. கூலிக்காக வேலையை நிறுத்தியவனைத் திரையில் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டார்கள்.

இவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லணும். பேர் சிதி முபாரக் பம்பாய். யாவோ இனம். சின்ன வயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, விற்கப்பட்டு, ஒரு வணிகரோடு இந்தியாவுக்கு வந்தவர். எஜமான் இறந்த பிறகு விடுதலையாகி ஆப்பிரிக்கா திரும்பினார். பம்பாய் என்கிற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1857-ல் பர்ட்டன், ஸ்பீக் இருவரோடும் ஏரிகளைத் தேடிப் போனார். 1860-ல் மறுபடி ஸ்பீக்கோடு. 1871-ல் ஸ்டான்லியோடு. 1873-லிருந்து கேமரோனோடு கண்டத்தின் குறுக்கே கிழக்கிலிருந்து மேற்கு வரை. ஸ்பீக்குக்கு அந்த ஊர் மொழி வராது. இந்திய ராணுவத்தில் இருந்த ஆள் என்பதால் இந்துஸ்தானி வரும். பம்பாய்க்கும் இந்துஸ்தானி வரும். நைல் நதியின் மூலத்தைக் கண்டுபிடித்த கதையில் பெரும்பகுதி பேச்சு இந்துஸ்தானியில் நடந்திருக்கிறது. அந்தச் சத்தத்தை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. பம்பாயைப் பிரம்பால் அடித்ததை ஸ்டான்லியே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதையும் பார்த்ததில்லை.

1990-ல் பாப் ராபெல்சன் ‘நிலவின் மலைகள்’ என்று பர்ட்டன், ஸ்பீக் கதையைப் படமாக்கினார். மோசமான படம் இல்லை. பழைய படங்களின் ஆணவம் இதில் குறைவு. பம்பாய் பேரோடு ஒரு பாத்திரமாகவே வருகிறார். ஆனால் படம் முடியும்போது நாம் எதற்காக வருத்தப்படுகிறோம்? இரண்டு ஆங்கிலேயர்களின் நட்பு முறிந்ததற்காக. ஏரியைப் பார்த்தது முதலில் யார், பேர் யாருக்கு என்று அவர்களுக்குள் சண்டை. நலுபாலே என்று கந்தா மக்கள் அழைத்த அந்த ஏரிக்கு ஸ்பீக் தன் மகாராணி பேரை வைத்துவிட்டு வந்தது பற்றி நமக்கு வருத்தம் வருவதில்லை. வருகிற மாதிரி படம் எடுக்கப்படவில்லை.

இது இரண்டாம் வகை. முதல் வகையில் வெள்ளைக்காரன் வீரன். இரண்டாம் வகையில் மனசாட்சி உள்ளவன், குழம்புகிறவன், அழுகிறவன். இரண்டிலும் காமிரா அவன் முகத்தை விட்டு நகராது. 2016-ல் வந்த டார்ஜான் படத்தைப் பாருங்க. லியோபோல்டின் காங்கோ கொடுமையைச் சொல்கிறது. சந்தோஷம்தான். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ்கூட வருகிறார். நிஜத்தில் அவர் அமெரிக்கக் கறுப்பர், வரலாற்றாசிரியர். 1890-ல் காங்கோவை நேரில் பார்த்து லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி உலகத்துக்கு அம்பலப்படுத்தியவர். அடுத்த வருஷமே இறந்துபோனார். படத்தில் அவர் டார்ஜானுக்குத் துணை. விழுதைப் பிடித்துத் தொங்குகிற வெள்ளைக்காரன் காங்கோவைக் காப்பாற்றுகிறான். பேனாவைப் பிடித்த கறுப்பன் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறான்.

நடிக்கப் போன கறுப்பர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1935-ல் ‘ஆற்றுச் சாண்டர்ஸ்’ என்கிற பிரிட்டிஷ் படத்தில் பால் ராப்சன் நடித்தார். ஆப்பிரிக்கப் பண்பாட்டை மதிப்போடு காட்டப் போகிறார்கள் என்று நம்பித்தான் போனார். வெட்டி ஒட்டி வெளியே வந்தபோது அது வெள்ளை அதிகாரிக்குப் பாடின வாழ்த்தாக இருந்தது. ராப்சன் அந்தப் படத்தையே ஒதுக்கித் தள்ளினார். அதே படத்தில் கூட்டத்தில் ஒருவராக, பேர் இல்லாத துணை நடிகராக, அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நின்றார். ஜோமோ கென்யாட்டா. கென்யா விடுதலை அடைந்தபோது நாட்டின் முதல் தலைவர் ஆனவர். காமிராவுக்கு அவர் சீன்.

அப்படியானால் அவர்களே எடுக்க வேண்டியதுதானே என்று கேட்பார்கள். எடுக்க விடவில்லை. பிரெஞ்சு அரசு 1934-ல் ஒரு ஆணை போட்டது. ஆப்பிரிக்கக் காலனிகளில் யார் படம் எடுத்தாலும் ஆளையும் கதையையும் பார்த்து அரசு அனுமதி கொடுக்க வேண்டும். ஆப்பிரிக்கர்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. 1955-ல் பாலின் வியேராவும் நண்பர்களும் முதல் படம் எடுத்தபோது, சொந்த மண்ணில் எடுக்க முடியாமல் பாரிஸ் தெருவில் எடுத்தார்கள்.

பிறகு செம்பேன் உஸ்மான் வந்தார். செனகல்காரர். மார்செய்ல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆமாம் தோழர்களே, அப்பா தொழில். நாவல் எழுதினார். எழுத்துப் படிக்காத தன் ஜனங்களுக்கு அது போய்ச் சேராது என்று நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய் சினிமா படித்தார். 1963-ல் ‘பொரோம் சரே’. இருபது நிமிஷம்கூட இருக்காது. டக்கார் நகரத்தில் ஒரு குதிரை வண்டிக்காரன். நாள் முழுக்க ஆட்களையும் சுமையையும் ஏற்றி இறக்குகிறான். ஒரு தகப்பன் தன் செத்துப்போன குழந்தையை இடுகாட்டுக்குக் கொண்டுபோக அந்த வண்டியில் ஏறுகிறான். வண்டிக்காரன் மனசுக்குள் பேசுவது நமக்குக் கேட்கிறது. பணக்காரப் பகுதிக்குள் வண்டி நுழைந்ததற்காகப் போலீஸ்காரன் மடக்குகிறான். வண்டிக்காரனிடமிருந்து கீழே விழுந்த பதக்கத்தின் மேல் பூட்ஸ் காலை வைக்கிறான். வண்டி போய்விடுகிறது.

எல்லா டார்ஜான் படத்தையும் எதிரே வைத்து இந்த ஒன்றைப் பாருங்க. இங்கே சுமக்கிறவன் நினைக்கிறான். அவன் நினைப்பதுதான் கதை. அன்றைக்குக் கூலி வந்ததா இல்லையா என்பதுதான் பதற்றம். அப்பாவின் இரண்டாவது கேள்வியைக் கேட்ட சினிமா இதுதான்.

1986-ல் மெட் ஹோண்டோ ‘சராவுனியா’ எடுத்தார். 1899-ல் வூலே, ஷனுவான் என்கிற இரண்டு பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் ஊர் ஊராக எரித்துக்கொண்டு இன்றைய நைஜர் நாட்டுக்குள் போனதும், அஸ்னா மக்களின் ராணி சராவுனியா அவர்களை எதிர்த்து நின்றதும் கதை. ராணி சின்னப் பெண்ணாகப் பயிற்சி எடுப்பதிலிருந்து படம் தொடங்குகிறது. வெள்ளைக்காரன் பிறகுதான் வருகிறான். வெளியிலிருந்து வருகிறவனாக, வேண்டாதவனாக வருகிறான். காமிராவை நூறு அடி தள்ளி அந்தப் பக்கம் வைத்தால் போதும், ‘பயணி’ என்ற சொல் ‘படையெடுப்பாளன்’ என்று மாறிவிடுகிறது.

இதையெல்லாம் வைத்து, நாம் எப்போதும் அடிபட்டவன் பக்கம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனசில்லை. பம்பாயை அடிமையாக வைத்திருந்தது இந்திய மண். சான்சிபாரில் அந்தப் பயணக் கூட்டங்களுக்குக் கடனும் சரக்கும் கொடுத்ததில் இந்திய வணிகர்கள் இருக்கிறார்கள். எங்கள் காலனி வாசலில் அந்த மனிதன் விழுந்தபோது சிரித்தது நான். என்னை அப்படிச் சிரிக்கப் பழக்கியது எது என்பதை நான் விசாரிக்கணும். திரையில் யாருடைய கண்ணால் பார்க்கச் சொல்கிறானோ, இருட்டில் உட்கார்ந்த நாமும் அவனாகிவிடுகிறோம். நாமே தூக்குகிறவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தும்.

கடைசியாக ஒரு விஷயம். 1873 மே மாதம் சிதாம்போ என்கிற ஊரில் லிவிங்ஸ்டன் இறந்தார். கூட இருந்தவர்கள் அவர் இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, துணியிலும் மரப்பட்டையிலும் சுற்றினார்கள். பிணம் என்று தெரிந்தால் ஊருக்குள் விடமாட்டார்கள் என்று சரக்கு மூட்டை மாதிரிக் கட்டி, சுமார் 2,400 கிலோமீட்டர் சுமந்து, 1874 பிப்ரவரியில் பகமோயோ கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். சூசி, சூமா, சமையல் செய்த ஹலீமா, இன்னும் அறுபது பேருக்குப் பக்கம். வழியில் சிலர் செத்தார்கள். எதிரே வந்த கேமரோன், இங்கேயே புதைத்துவிடுங்கள் என்றார். மாட்டோம் என்றார்கள். கரையில் பட்டுவாடா முடிந்தது, போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். உடலோடு கப்பலில் லண்டன் போனது ஜேக்கப் வெயின்ரைட் ஒருவர்தான். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு நம் நாசிக்கில் மிஷன் பள்ளியில் படித்தவர். அம்பேத்கர் 1930-ல் கோயில் நுழைவுப் போராட்டம் நடத்திய அதே நாசிக். பிறகு லண்டன் புவியியல் சங்கம் அறுபது பேருக்கும் பதக்கம் அடித்தது. பதக்கம் வருவதற்குள் அவர்கள் கலைந்து போயிருந்தார்கள். பெரும்பாலோர் கைக்கு அது சேரவில்லை.

1939 படம் இந்த நடையைக் காட்டவில்லை. இதை விடப் பெரிய கதை அதில் என்ன இருக்கு? ஜிம்பாப்வே எழுத்தாளர் பெட்டினா கப்பா 2019-ல் இதை ஹலீமா, ஜேக்கப் இருவர் வாய்மொழியாக நாவலாக்கியிருக்கிறார். படமாகவும் வரும். அவர்கள்தான் எடுக்க வேண்டும்.

வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் லிவிங்ஸ்டன் கல்லறைக் கல்லில், விசுவாசமான கைகள் அவரைக் கொண்டுவந்தன என்று பொறித்திருக்கிறது. கைகள். ஆள் கிடையாது, பேர் கிடையாது. விசுவாசம் என்கிற வார்த்தையை ஆண்டை வீட்டு வாசலில் நம் தாத்தாக்கள் கேட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த மரம் இருக்கே, இதயத்தைப் புதைத்த மரம், அதில் ஜேக்கப் கத்தியால் செதுக்கினார். லிவிங்ஸ்டன் என்று செதுக்கினார். தேதி செதுக்கினார். அதோடு நிறுத்தாமல் கூட வந்தவர்களில் மூன்று பேரைச் செதுக்கினார். யாசூசா. ம்னியாசேரே. உச்சோபேரே. 1899-ல் மரத்தை வெட்டி, எழுத்து இருந்த துண்டை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த மூன்று பேரையும் போய்ச் சொல்லியிருப்பேன். கூலிக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லப்பா, பேர் மட்டும் கொஞ்சம் கிடைத்திருக்கு என்று சொல்லியிருப்பேன்.

அடுத்த தடவை திரையில் அப்படி ஒரு வரிசை நடந்துபோகும்போது பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் கேளுங்க: விழுந்தவன் பேர் என்ன?